மோரிஸ் முன்னே, ஃபியட் பின்னே

ஆகஸ்ட் 2

வங்கி மேலாளர் வீட்டம்மாவுக்கு இன்றும் ரிவர்ஸ் வரவில்லை. பின்னால் எடுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணை மூடிக்கொண்டு முன்னாலும் போக முடியாதம்மா என்றேன். சிரித்தார், அப்புறம் போய் மின்கம்பத்தில் இடித்தார். உறையூரில் பெண்களுக்கென்று டிரைவிங் ஸ்கூல் நடத்தியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒருவர் கிளட்சை விடுகிற அழகைப் பார்த்தே அவர் குணத்தைச் சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் கிளட்சிலிருந்து காலையே எடுக்காத ரகம்.

மத்தியானம் தாரிணி பெங்களூரிலிருந்து பேசினாள். அவள் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் அனுப்புவது பெண் வீட்டார் பொறுப்பு.

“முகுந்தனுக்குப் பழைய கார்னா உசுரும்மா. வெளியில எதுக்குப் பிடிக்கணும், நம்மகிட்டதான் ரெண்டு இருக்கே.”

நம்மிடமாம். ஒன்று என் வாசலில் நிற்கிறது. மற்றது ஸ்ரீரங்கத்தில், என்னை விட்டுப் போன புரொபசர் கிருபாகரன் வீட்டு வாசலில் நிற்கிறது.

“எந்தக் காருன்னு நீயும் அப்பாவும் பேசி முடிவு பண்ணுங்க” என்றாள்.

“நான் எதுக்கு அவர்கிட்ட பேசணும்?”

“கல்யாணத்தன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு தாரை வார்க்கணும். அப்பா என் கையைப் பிடிச்சுக் கொடுக்கணும், நீ தண்ணி ஊத்தணும். ஒரு கார் விஷயத்துலயே ஒத்துப்போக முடியலன்னா மேடையில எப்படி நிப்பீங்க? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. சபாபதி சித்தப்பாவையும் கோமளா சித்தியையும் நிக்கச் சொல்லிடறேன். அன்னைக்கு அங்க சண்டை வரக் கூடாது.”

சபாபதி அவருடைய தம்பி, கோமளா தம்பி பெண்டாட்டி. நல்ல மனிதர்கள்தான். அதற்காக நான் பெற்ற பெண்ணை அவர்கள் தாரை வார்ப்பதா? செத்தாலும் நடக்காது. பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 5

ஊருக்கே தெரிந்த கதைதான். இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் கொஞ்சம் கொதிப்பு அடங்குகிறது.

மோரிஸ் மைனர் மாமனார் வாங்கியது. இங்கிலாந்து வண்டி, மேல்கூரை துணியில் மடங்குகிற ரகம், இரண்டே கதவு, பாசிப்பச்சை. நான் கல்யாணமாகி வந்தபோது ஷெட்டில் கோழி அடைந்துகொண்டிருந்தது. புரொபசர் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். பழைய பொருள் என்றால் பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவார், தூசி தட்ட மாட்டார். மெக்கானிக் சேவியரோடு நின்று அந்த வண்டியை உயிர்ப்பித்தது நான். ஓட்டக் கற்றது அதில். என் முதல் மாணவிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதில். ஆனால் ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே ஏறிப் போய்விட்டார்.

இன்னொரு பெண் கிண்ணென்று எதுவும் கிடையாது. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவருக்கு அமைதி வேண்டுமாம். விவாகரத்தும் கேட்கவில்லை. தாலி என் கழுத்தில், ஆள் ஸ்ரீரங்கத்தில்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் “சார் வரலையா?” என்று ஒருத்தராவது கேட்காமல் விட்டதில்லை. காபித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பார்கள். ஒன்பது வருஷம் நான் பதில் சொன்னேன். இந்தக் கல்யாணத்தில், ஊர் பார்க்க, அவர் முகம் சுண்ட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

ஃபியட் 1100 நான் மூன்று வருஷம் முன்பு வாங்கினேன். இத்தாலிய மாடல், 1957, புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் வீட்டில் போர்வை போர்த்திக் கிடந்தது. பழைய கார்மேல் எனக்கென்ன மோகம்? மோரிஸுக்கு எதிரே நிறுத்த எது சரியான வண்டி என்று தேடித்தான் வாங்கினேன்.

ஆகஸ்ட் 9

கேஸ் சிலிண்டர் வந்தது. பத்திரிகை அச்சாகி வந்தது. அவர் பெயரும் என் பெயரும் ஒரே வரியில்.

சாயங்காலம் அவரே போன் செய்தார்.

“மனோ, எப்படி இருக்கே?”

“கார் விஷயம்தானே, சொல்லுங்க.”

“மோரிஸோட கூரைத் துணி அங்கயே தங்கிடுச்சு. தைக்கறதுக்குக் கழட்டினோமே, ஞாபகம் இருக்கா? மழை கிழை வந்தா மாப்பிள்ளை நனைவாரேன்னு கேட்டேன்.”

“எலி கடிச்சுடுச்சு.”

கொல்லையில் வாஷிங் மெஷினுக்கு அதைத்தான் போர்த்தியிருக்கிறேன். நல்ல கான்வாஸ், ஒரு சொட்டு இறங்காது.

“சரி விடு, அன்னைக்கு மழை இருக்காது” என்றார்.

போனை வைத்ததும் மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். செப்டம்பர் நாலாம் தேதி சாயங்காலம் ஒரு மழை. ஊர் வெள்ளக்காடாக வேண்டாம், திறந்த காரில் உட்கார்ந்திருப்பவர் நனைகிற அளவு போதும். உட்காரப்போவது முகுந்தன் என்பது அப்புறம்தான் உறைத்தது. வாலிபப் பிள்ளை, சளி பிடிக்காது.

ஆகஸ்ட் 15

தாரிணி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று அவள் ஏற்பாடு. சபாபதியும் கோமளாவும் வந்தார்கள். புரொபசர் மோரிஸை ஓட்டிக்கொண்டு வந்து, என் ஃபியட்டுக்குப் பக்கத்தில், இடிக்காமல் நிறுத்துவதற்குள் தெருவே கூடிவிட்டது. மெலிந்திருக்கிறார். அதைப்பற்றி எனக்கென்ன.

நியாயமாகவே எழுதுகிறேன், தொழில் தெரிந்தவள் வண்டி விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது. மோரிஸின் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் சுற்றலாம். வளைவில் ரோட்டை விடாது. கியர் தரையில் இருக்கிறது, ஒவ்வொன்றும் விழுவது கையிலேயே தெரியும். ஃபியட்டுக்குக் கியர் ஸ்டியரிங் தண்டில். புதிதாகத் தொடுகிறவர் முதல் கியரைத் தேடி மூன்றாவதைப் போட்டுவிட்டு முழிப்பார். ஆனால் இழுவையில் ஃபியட்டை அடித்துக்கொள்ள முடியாது. ஐந்து பேரையும் அவர்கள் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும். மோரிஸ் நாலு பேருக்கே மூச்சு வாங்கும்.

அப்புறம் கதவு. மோரிஸில் பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளை முன்சீட்டை மடக்கி, குனிந்து, காலைத் தூக்கிப் போட்டுத்தான் பின்னால் ஏற முடியும். ஊர் பார்க்க வேண்டியதைவிட அதிகமாகவே பார்க்கும். ஃபியட்டுக்கு நாலு கதவு, முன்கதவு பின்பக்கக் கீலில் திறக்கும். காலைக் கீழே வைத்து ஜம்மென்று எழுந்து நிற்கலாம்.

இவ்வளவும் சொன்னேன், எல்லாரும் தலையாட்டினார்கள், ஆட்டிக்கொண்டே மோரிஸைப் பார்த்தார்கள். இண்டிகேட்டருக்குப் பதிலாக அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கை நீளும். தெருப் பிள்ளைகள் அதை நீட்டச் சொல்லிச் சொல்லிக் கைதட்டினார்கள். தாரிணி திறந்த பின்சீட்டின் முதுகுமேல் ஏறி உட்கார்ந்து எல்லாருக்கும் கையாட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. மாப்பிள்ளை அழைப்பு என்றால் நாலு தெருவும் மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதற்கு மோரிஸ்தான் பொருத்தம். இதை இங்கே எழுதுவேனே தவிர வாயால் சொல்ல மாட்டேன்.

காபி கொடுக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. “விட்டுட்டுப் போனவங்க வண்டியில மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தா நல்லா இருக்குமா?” என்றேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. “நீதானே மனோ போகச் சொன்னே. பெட்டியை வாசல்ல வச்சதும் நீதான்.”

கோபத்தில் ஆயிரம் சொல்வோம். சொன்னால் போய்விடுவதா? பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்து வைக்கக் கை இல்லையா?

கிளம்பும்போது ஒன்று கவனித்தேன். மோரிஸில் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து, நிறைந்ததும் அடங்கும். இன்று அடித்தது, விட்டது, யோசித்தது, மறுபடி அடித்தது. சிக்கிக்கொள்ளப் போகிற பம்ப் அப்படித்தான் அடிக்கும். அந்த வண்டிக்கு அது பழைய வியாதி. நடுவழியில் நின்றால் நான் இறங்கி, பானட்டைத் திறந்து, ஸ்பேனரால் பம்ப் மேல் ஒரு தட்டு தட்டுவேன், ஓடும். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி “சூடாயிருக்கும், ஆறட்டும்” என்பார்.

இப்போது அவருக்குக் காது மந்தம். அவர் கேட்டிருக்க மாட்டார். நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

அநியாயம். “உன் ஃபியட்டே போகட்டும் மனோ” என்று போனில் சொல்கிறார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. விட்டுக்கொடுத்த மகராசன் என்று நாளைக்குச் சபாபதி சொல்வான், கோமளா சொல்வாள், பெண்ணும் சொல்வாள். நான் பிடிவாதக்காரி. ஒன்பது வருஷம் காத்திருந்தது அவர் போனில் தோற்பதற்கா?

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வங்கி மேலாளர் வீட்டம்மாவை இன்று கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேன், பாவம்.

ஆகஸ்ட் 20

தாரிணிக்கு நானே போன் செய்தேன். “மோரிஸ் முன்னாடி போகட்டும். மாப்பிள்ளை அதுலயே வரட்டும். நான் ஃபியட்ல அவங்க வீட்டுப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டுப் பின்னாடி வர்றேன்.”

“அம்மா, நிஜமாவா?”

“உங்கப்பா ஃபியட் போகட்டும்னார். நான் மோரிஸ் போகட்டும்னேன். பார்த்துக்கோ, யார் விட்டுக்கொடுத்ததுன்னு.”

அவள் அழுதுவிட்டாள். நீங்கள் இரண்டு பேரும்தான் தாரை வார்க்கிறீர்கள், சித்தப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஊர்வலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு. ஆமை வேகம். மேளக்காரர் முச்சந்திக்கு முச்சந்தி நின்று வாசிப்பார். பழைய வண்டிக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. இதைச் சும்மா எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 28

மழை வேண்டுதலை வாபஸ் வாங்கிக்கொண்டேன். இனி தேவையில்லை.

செப்டம்பர் 1

எனக்குப் பட்டுப்புடவை எடுத்தேன். அரக்கு நிறம்தான் அவருக்குப் பிடிக்கும், அதனால் வேண்டுமென்றே மாம்பழ நிறம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் எடுபடவில்லை. திரும்பப் போய் அரக்கே மாற்றிக்கொண்டு வந்தேன்.

தாரை வார்க்க வெள்ளிச் சொம்பை விபூதி போட்டுத் துலக்கினேன். தண்ணீர் பிடித்து, இடது கையில் ஊற்றிப் பார்த்தேன். நூல் மாதிரி விழ வேண்டும். அவர் கை கீழே இருக்கும், அதன்மேல் தாரிணி கை. கை நடுங்காமல் இருக்க வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது.

செப்டம்பர் 4

மண்டபத்தில் பெண் வீட்டார் அறையிலிருந்து எழுதுகிறேன். சாப்பாட்டுப் பந்தி நடக்கிறது. எனக்குப் பசி இல்லை.

வானம் தெளிவாக இருந்தது. மோரிஸுக்கு மல்லிகைச் சரம், ரோஜா, இரண்டு பக்கமும் வாழைக் குருத்து. முகுந்தன் மாலையோடு பின்சீட்டின் முதுகுமேல் உட்கார்ந்திருந்தான். புரொபசர் பட்டு வேட்டி அங்கவஸ்திரத்தோடு ஸ்டியரிங்கில். பின்னால் ஃபியட்டில் நான், என் பக்கத்தில் முகுந்தனின் அத்தை, பின்சீட்டில் அவர்கள் வீட்டுப் பெண்கள் மூன்று பேர். தெருவில் எல்லார் கண்ணும் மோரிஸ் மேல்தான். “சார் காரா? அடடா” என்று யாரோ சொன்னது என் ஜன்னல் வரை கேட்டது.

கடைத்தெரு முச்சந்தியில் மேளம் நின்று வாசித்தது. அவர் இன்ஜினை அணைத்தார். வாசிப்பு முடிந்து மறுபடி போட்டார். ஓடியது, இருமியது, நின்றது. மறுபடி போட்டார். ஸ்டார்ட்டர் சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது.

பம்ப் சிக்கிவிட்டது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஃபியட்டின் டிக்கியில் ஸ்பேனர் இருந்தது. இறங்கி நடந்து போய்த் தட்டிவிட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்? மேளக்காரர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் ஆகிவிடும்.

நான் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டத்துக்கு மேலே, நேராக என்னை. நான் ஜன்னல் வழியே பூக்கடையைப் பார்த்தேன். அவர் முகம் வேர்த்தது. முகுந்தனின் மாமா ஒருவர் “என்ன சம்பந்தி, வண்டியை மியூசியத்துல இருந்து நேரா ஓட்டிட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டார், நாலு பேர் சிரித்தார்கள். ஒன்பது வருஷமாக நான் கேட்க நினைத்த சிரிப்பு அது. காது குளிரக் கேட்டேன்.

அப்போது என் பக்கத்தில் அத்தை முணுமுணுத்தார். “பொண்ணு வீட்டு வண்டி முச்சந்தியில நின்னா நல்லதா? சகுனமே சரியில்லையே.”

இதை நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அது யாரையோ பற்றிய பழமொழி என்று நினைத்திருந்தேன்.

அப்போதும் நான் இறங்கவில்லை. பெண்களை நடக்கச் சொல்லிவிட்டு மாப்பிள்ளையை ஃபியட்டில் ஏற்றிக்கொண்டேன். மண்டபத்து வாசலில் அவன் ஜம்மென்று இறங்கினான், ஆரத்தி எடுத்தார்கள், “நல்லவேளை அம்மா கார் இருந்துச்சு” என்று நாலு பேர் சொன்னார்கள். புரொபசர் வெகுநேரம் கழித்து, ஏழெட்டுப் பிள்ளைகளோடு மோரிஸைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வேட்டியெல்லாம் கிரீஸ்.

ஜெயித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் தாரிணி கூப்பிட்டனுப்பினாள். அலங்காரம் பாதியில் இருந்தது.

“வண்டி ஏன் நின்னுச்சும்மா?”

“பழசு. நின்னுடுச்சு.”

“பம்ப் தானே?”

“மேளச் சத்தத்துல என்னடி கேட்கும்?”

“சின்ன வயசுல நின்னப்பல்லாம் நீதானே இறங்கித் தட்டுவே. நான் பின்னாடி உட்கார்ந்து பார்த்திருக்கேனே.”

“என்னை யாரும் கூப்பிடல.”

“அப்பா உன்னைத் திரும்பிப் பார்த்தாராமே.”

நான் அவள் ஜடையில் கோணலாக இருந்த பூவைச் சரி செய்யப் போனேன். தலையை நகர்த்திக்கொண்டாள். “முகுந்தனோட அத்தை எல்லார்கிட்டயும் சகுனம் சரியில்லன்னு சொல்லிட்டிருக்காங்க. இது அப்பாவோட கல்யாணம் இல்லம்மா, என்னோடது” என்றாள். அழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நாளைக்குச் சரியாகிவிடும்.

செப்டம்பர் 5

முகூர்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை பெண் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

ஐயர் “பொண்ணோட அப்பா அம்மா வாங்கோ” என்றார். நான் அரக்குப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். தாரிணி குனிந்து ஐயரிடம் ஏதோ சொன்னாள். அவர் நிமிர்ந்து என்னைத் தாண்டிப் பார்த்தார். என் பின்னாலிருந்து சபாபதி எழுந்து வந்தான்.

“அண்ணி, தாரிணிதான் இப்படி...” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

“நான் மாட்டேன்னுதான் சொன்னேன் அக்கா” என்றாள் கோமளா. அவள் கண் கலங்கியிருந்தது. போ என்று சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்?

மேடைக்குக் கீழே நின்றுவிட்டேன். பக்கத்தில் அவர் வந்து நின்றார். வேட்டி மாற்றியிருந்தார், நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் போகவில்லை.

“காலையிலயே போய்க் கேட்டேன்” என்றார் மெதுவாக. “அம்மா மட்டுமாவது ஊத்தட்டும், நான் நிக்கலன்னேன். முடியாதுன்னுட்டா. உன் பொண்ணு.”

“நீங்க எதுக்கு எனக்காகக் கேட்டீங்க?”

“தப்பு எம்மேலயும் இருக்கு. பம்ப் சிக்கும்னு சேவியர் முன்னாடியே சொன்னான். புதுசு போட்டுடலாம்னான். நான்தான் வேண்டாம்னேன்.”

“ஏன்?”

“நின்னா நீ இறங்கி வருவேன்னு நினைச்சேன், மனோ.”

மேடையில் அண்ணன் மகளின் கையைச் சபாபதி முகுந்தன் கையில் வைத்தான். நான் துலக்கிய சொம்பைக் கோமளா சாய்த்தாள். அவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை எப்படியெல்லாம் திட்ட வேண்டும் என்று ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன், “நகத்துல கிரீஸ் போகல” என்றுதான் சொல்ல வந்தது. கெட்டிமேளம் கொட்டியபோது யாரோ என் கையில் அட்சதையைக் கொடுத்தார்கள். கூட்டத்தில் நின்று போட்டேன், பக்கத்துத் தெருக்காரி மாதிரி.